தீவுக்கு எடுத்துச் செல்லத் தட்டு இல்லாத பாடல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆளில்லாத தீவு ஒன்றில் தனியே விடப்பட்டால் எந்த எட்டுப் பாடல்களைக் கொண்டுபோவீர்கள் என்று தங்கள் ஞாயிறு இதழ் வாசகர்களிடம் கேட்டு, வந்த பதில்களைச் சில வாரங்களாக வெளியிட்டு வருகிறது. அந்தப் பட்டியல்களைத் தவறாமல் வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை முழுக்க முழுக்கத் திரைப்பாடல்களாகவே இருப்பதையும், அவற்றிலும் ஒரே பத்துப் பன்னிரண்டு பாடல்கள் ஆளுக்கு ஆள் திரும்பி வருவதையும் பார்க்கையில், பங்குபற்றியவர்கள் கேள்வியைச் சற்று அவசரமாக விளங்கிக்கொண்டார்களோ என்று தோன்றுகிறது. மிகப் பிடித்த பாடல் எது என்பது ஒரு கேள்வி. இசைத்தட்டில் பதிந்து கையில் கொண்டுபோனால் ஒழியக் கிடைக்கவே கிடைக்காத இசை எது என்பது வேறொரு கேள்வி. தீவுக்குப் போகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டாவதைத்தான் என்பது என் எண்ணம்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்துவது நல்லது. ரோய் பிளம்லி என்ற ஒலிபரப்பாளரின் யோசனையில் பிறந்து, லண்டன் பிபிசி வானொலியில் 1942ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி முதன்முதலாக ஒலிபரப்பான 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' என்ற நிகழ்ச்சி அது. விருந்தினராக வருபவர் எட்டு இசைத்தட்டுகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றையும் ஏன் தெரிவுசெய்தார் என்று சொல்ல வேண்டும். தீவில் ஒரு கிராமபோன் பெட்டியும் தீர்ந்துபோகாத ஊசிகளும் இருப்பதாக அன்றைய நிபந்தனை சொல்லியது. இரும்பு ஊசி ஒரு தட்டை ஓட்டியதுமே மழுங்கத் தொடங்கும் என்பதை அறிந்த தலைமுறைக்கு அந்த ஊசிக் கணக்கின் அருமை விளங்கும். பைபிளும் ஷேக்ஸ்பியரும் போக விரும்பிய ஒரு நூலும், தப்பிச் செல்ல உதவாத ஓர் ஆடம்பரப் பொருளும் கொண்டுபோகலாம் என்ற சலுகைகள் பின்னர் சேர்ந்தன. பிளம்லி 1985இல் இறக்கும்வரை அதை நடத்தினார். அவருக்குப் பின் பலர் கைமாறியும் நிகழ்ச்சி நின்றுபோகவில்லை. எலிசபெத் சுவார்ட்ஸ்கோப் என்ற புகழ்பெற்ற ஜேர்மனியப் பாடகி 1958இல் வந்தபோது, தாம் தெரிவுசெய்த எட்டுத் தட்டுகளில் ஏழைத் தாமே பாடிய தட்டுகளாக வைத்தார். அதை இன்றும் சிரிப்போடு சொல்கிறார்கள். தங்கள் பகுதிக்கு எழுதியவர்களில் எவரும் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இந்த வரலாற்றை எழுத ஒரு காரணம் உண்டு. போரில் எல்லாவற்றையும் இழந்து எழும்பிய வன்னி மக்களிடம் போய், வசதியுள்ளவர்கள் பொழுதுபோக்காக ஆடும் இந்த விளையாட்டைக் காட்டுவது பொருத்தமில்லை என்று வாசகர் ஒருவர் இதே பக்கத்தில் கண்டித்திருந்தார். அவருடைய மனநிலையை மதிக்கிறேன். ஆனால் அவருடைய முடிவோடு என்னால் உடன்பட இயலவில்லை. அந்த நிகழ்ச்சி பிறந்தபோது லண்டன் வசதியாக இருக்கவில்லை; ஜேர்மனிய விமானங்கள் குண்டு வீசி நகரின் பல பகுதிகளைச் சிதைத்திருந்தன, போரும் முடிந்திருக்கவில்லை. ஆளில்லாத தீவும் எங்களுக்குக் கதையில் மட்டும் வருகிற இடம் இல்லை. பூநகரிக் கடலில் இருக்கும் பாலைதீவில் குடிமனை எதுவும் இல்லை. அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் ஆண்டுதோறும் வள்ளங்களில் சனம் போய் வருகிறது. இரணைதீவு மக்கள் 1992இல் தங்கள் தீவை விட்டு வெளியேற நேர்ந்து, 2018இல்தான் தாங்களாகவே படகேறித் திரும்பிப் போனார்கள். எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லாமல் யோசித்த அனுபவம், நாட்டின் வேறு எந்தப் பகுதியைக் காட்டிலும் எங்கள் பகுதிக்கு அதிகம். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எங்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பற்றரி வன்னிக்குள் வராது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லோடு முட்டவைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்டதை இளையவர்களில் சிலர் நம்பமாட்டார்கள். பின்னேரங்களில் அதே பிபிசியின் தமிழோசைச் செய்தியை அப்படித்தான் கேட்டோம். செய்தி முடிந்த பிறகு ஒரு கசற்றைப் போடுவதென்றால் அதற்குப் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் பாடகரின் குரலும் இழுபட்டுத் தாழ்ந்து ஒப்பாரி போலாகிவிடும். ஆகவே இன்னொருவருடைய கைவலிக்குப் பெறுமதியான பாட்டு எது என்பதை எல்லோரும் கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானங்களில் நான் கவனித்த ஒன்றுதான் இந்தக் கடிதத்துக்கு அடிப்படை. எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டை யாரும் கேட்கவில்லை. அவற்றை அடுப்படியிலும் கிணற்றடியிலும் வயலிலும் அவரவர் வாயாலேயே பாடிக்கொண்டார்கள். டைனமோ சுற்றிக் கேட்டவை வாயால் பாட முடியாதவை.

திரைப்பாடல்களைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் வெளிக்கிட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். கோயில் திருவிழாவுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் பனையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள் எங்கள் ஊருக்கே அவற்றைப் பாடமாக்கிக் கொடுத்தன. நன்றாகப் பாடமாகிவிட்டது என்பதுதான் அவற்றைத் தட்டில் சுமக்கத் தேவையில்லை என்பதற்கும் காரணம். தேவாரத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். ஆகவே ஆடம்பரப் பொருளாக எனக்கு ஒரு சுருதிப் பெட்டியைத் தந்துவிட்டால், என் மனத்தில் உள்ள சில நூறு பாட்டுகளையும் பதிகங்களையும் எட்டுத் தட்டில் ஒன்றையும் செலவழிக்காமல் தீவுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

அப்படியானால் தட்டுகளில் எவை போகும்? முதலாவது இடத்தைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குத் தருவதில் எனக்குத் தயக்கமே இல்லை. 78 சுழற்சித் தட்டுக் காலத்திலேயே பதிவாகி, ஊர் ஊராக ஒலித்த வாசிப்பு அது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடந்தான் அடங்கும். கோயில் வீதியில் விடிய விடிய விரியக்கூடிய ஓர் இராகத்தை அந்த இடுக்குக்குள் நிறுத்தியபோதும் அவசரம் என்பதே காதில் படுவதில்லை. கீர்த்தனையை முணுமுணுக்கலாம், ஆலாபனையை முணுமுணுத்தால் அது நம்முடைய ஆலாபனையாகிவிடும், அவருடையதாக இராது. அடுத்ததாக, எங்கள் திருவிழாக்களின் ஒலியாகவே நான் அறிந்த அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம். காருக்குறிச்சி அருணாசலத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவரை எடுப்பதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். தீவில் தனித்திருக்கப் போகிறவன் எந்த வீதியில் நின்று கேட்டானோ அந்த வீதியையும் சேர்த்துத்தான் எடுத்துப் போவான் என்பதைத் தவிர என்னிடம் வேறு நியாயம் இல்லை.

மூன்றாவது, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். 1975இல் மறைந்த அவரை நேரில் கேட்டவர்கள் குறைந்து வருகிறார்கள். தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்கள் பலரும் விரும்பி அழைத்த கலைஞர் அவர். இங்கே என் வாதம் மிகத் தெளிவாக நிற்கிறது. தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் ஒரு கணக்கைச் சொல்ல, இடப்பக்கத்தில் கழி இன்னொரு கணக்கைச் சொல்லும். இரண்டும் எங்கோ பிரிந்து போய், கேட்பவர் நம்பிக்கை இழக்கும் தறுவாயில் சமத்தில் வந்து விழும். சொற்கட்டை வாயால் சொல்லத் தெரிந்தவருக்கும் ஒரு நேரத்தில் ஒரு வாய்தானே இருக்கிறது. எவ்வளவு நல்ல ஞாபகசக்தியாலும் இதைச் சுமக்க முடியாது.

நான்காவதாக இளையராஜாவை வைக்கிறேன். 1976இல் திரையிசைக்கு வந்தவர் அவர்; அவருடைய பாட்டுகளின் மெட்டுகள் எனக்குப் பாடம். ஆனால் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வயலின்கள் கூட்டமாக எழுவதையும், அதற்கடியில் இன்னொரு இழை மெல்ல நகர்வதையும் எந்த வாயாலும் பாட முடியாது. எனவே 1986இல் வெளிவந்த அவருடைய வாத்திய இசைத் தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். தியாகராஜரையும் ஜேர்மனிய இசையமைப்பாளர் பாக்கையும் ஒரே திண்ணையில் இருத்திக் கதைக்க வைத்தது போன்ற இசை அது; தனிமையில் இருப்பவனுக்கு இருவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது ஆறுதல் தரும்.

ஐந்தாவது இடத்தில் என் விதியை நானே மீறுகிறேன். பி. சுசீலா பாடிய பாட்டொன்று, எது என்றாலும் சரி. பாட்டு மனத்தில் நிற்கும், குரல் நிற்காது என்பது என் விளக்கம். இதை ஒரு சப்பைக்கட்டு என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

இனி மீதியுள்ள மூன்று இடங்கள். இவற்றுக்காகவே இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன், ஏனெனில் இந்த மூன்றுக்கும் எடுத்துப் போவதற்கு ஒரு தட்டு என் கையில் இல்லை.

ஒன்று, நெல் அறுவடையின்போது பாடும் அருவி வெட்டுச் சிந்து. காலபோக வயல் தை, மாசியில் விளைந்து சாய்ந்து நிற்க, வரிசை பிடித்து இறங்கிய வெட்டுக்காரரில் ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் குனிந்தபடியே அதைத் திருப்பிச் சொல்வார்கள். அரிவாள் தாளை இழுக்கும் சத்தமே தாளமாக இருக்கும். வரிசை கரையை நெருங்க நெருங்கப் பாட்டும் விரையும். எடுத்துக் கொடுப்பவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கடைசி ஆள் ஒரு சொல்லைக் குறும்பாக மாற்றிப் போட்டுவிட, வரிசை முழுவதும் சிரித்துத் தாளம் தவறிப் பிறகு கூடிக்கொள்ளும். சூடு மிதிக்கும் இரவுகளில் மாடுகளோடு சுற்றி வந்து பாடிய பொலிப் பாட்டு வேறு. மாடு போய் உழவு இயந்திரம் வந்தது. அதுவும் போய், வெட்டுவதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒன்றாகச் செய்யும் இயந்திரம் வந்தது. ஏக்கர் கணக்கான வயல் ஒரு பகலில் வெறும் ஒட்டாகிவிடுகிறது. இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை, முதுகு முறிய வெட்டியவர்கள் எவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் வேலை போனதோடு பாடும் சந்தர்ப்பமும் போய்விட்டது என்பதைக் குறித்துத்தான் ஆக வேண்டும். வயலை அழிக்கும் பன்றியையும் குருவியையும் வைத்துப் பாடிய பண்டிப்பள்ளுக்கும் குருவிப்பள்ளுக்கும், யானையை அடக்கிக் கட்டிய அரியாத்தையை நினைத்து அழும் வேலப்பணிக்கன் ஒப்பாரிக்கும் இதே நிலைதான். முல்லைமணி போன்ற எழுத்தாளர்களின் உழைப்பால் இவற்றைப் பற்றி வாசிக்க வழி இருக்கிறது; சொற்கள் அச்சில் கிடைக்கின்றன. மெட்டு அச்சில் ஏறாது. ஓர் அடியை எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் வரிசை சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை வாசித்து அறிய வழியில்லை.

மற்றது, முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் ஆடிய கோவலன் கூத்து. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, அந்தக் கடல் நீரில் விளக்கெரிக்கும் ஊர்களுக்குக் கண்ணகி கதை ஏட்டில் மட்டும் இருக்கும் கதையாக ஒருபோதும் இருந்ததில்லை. அண்ணாவியார் சல்லரியைத் தட்டி ஓர் அடியைத் தொடக்க, ஆடுபவர் அதைப் பாடி ஆட, பின்பாட்டுக்காரர் அதை வாங்கி உயர்த்த, விடியும்வரை அந்த மூவருக்கும் இடையில் ஓடும் இழுபறிதான் கூத்தின் இசை. அதில் ஒருவரை மட்டும் எடுத்தால் மற்ற இருவரும் இல்லாமல் போய்விடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோன பிறகு அதற்குக் கிடைத்த மதிப்பு பெரிது. ஆனாலும் மேடைக்காக ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கியதும், எங்கள் வீதிகளில் இரவு முழுவதும் நீண்டதும் காதுக்கு ஒன்றல்ல.

மூன்றாவது, தவக்காலத்தில் கத்தோலிக்கக் கிராமங்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது பெண்கள் சேர்ந்து எழுப்பும் ஒப்பாரி. நான் சைவன், பக்கத்து ஊர்க் கோவிலின் வெளிச் சுவரோடு நின்று கேட்டவன். முப்பது நாற்பது குரல்கள், எதுவும் பயிற்சி பெற்றது இல்லை, ஒவ்வொன்றும் தன் சொந்தத் துக்கத்தின் சுருதியில் நின்றபடியே ஒன்றோடொன்று பொருந்திப் போகும் விதத்தை வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

இந்த மூன்றும் பலர் கூடினால் மட்டுமே பிறக்கிற இசை. தனித் தீவில் இருப்பவனுக்கு மிகவும் தேவைப்படப் போவது இவைதான்; வாயாலும் சுருதிப் பெட்டியாலும் ஈடுசெய்ய முடியாதவையும் இவைதான். சென்னையில் பதிவான பாட்டு எந்தத் தீவுக்கும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும், கைத்தொலைபேசியிலும் கிடைக்கும். நம்முடைய இந்த இசைக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

அடியோடு பதிவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 1980களில் ஊருக்கு ஒரு ரேப் ரெக்கோடராவது இருந்தது. கூத்து நடந்த இரவுகளில் ஒலிவாங்கியின் அருகே அதை வைத்துப் பதிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கசற்றுகளில் பல இடப்பெயர்வுகளில் மண்ணோடு போயின. சில, வெளிநாடு போன பிள்ளைகளின் பயணப் பைகளில் லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போயிருக்கின்றன. சில இன்னும் இங்கேயே அலுமாரி மேலே பிஸ்கற் தகரத்துக்குள் கிடக்கின்றன. நம் காலநிலையில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். பதிவான காந்தப் பூச்சும் காலப்போக்கில் உரியும். கசற் அப்படியே என்றென்றும் இருக்கும் என்று நம்பி வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆகவே தங்கள் வாசகர்களுக்குச் சில சொற்கள். அப்படியொரு கசற் வீட்டில் இருந்தால், அதன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் நாக்குகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறுதலாக யாரும் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. நாடாவில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அது கருவியின் தலையையும் அடுத்த கசற்றையும் கெடுக்கும், விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. சுத்தமாக இருந்தாலும் பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை முதலில் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றவிட்டு இறுக்கத்தைத் தளர்த்திய பிறகே போட வேண்டும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் குரல் மங்கிக் கேட்கும்; பாட்டு அழிந்துவிட்டது என்று முடிவுகட்டாமல் வேறொரு கசற்றின் பஞ்சை எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பிடித்துப் பதிவது பதிவாகாது. கருவியின் காதுப்பொறித் துளையிலிருந்து கம்பியால் கணினிக்கு இணைத்து, சுருக்காத கோப்பாகச் சேமிக்க வேண்டும். பாடியவர் யார், எந்த ஊர், எந்தக் கோயில் அல்லது எந்த வயல், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். இந்த விவரம் தெரிந்தவர்கள் கசற்றைவிட வேகமாகக் குறைந்து வருகிறார்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி இணையத்தில் திறந்து வைத்திருக்கும் நூலக நிறுவனத்தினர் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவினருக்கும் இதில் கடமை உண்டு. கசற்றை இழக்காமல் ஒரு பிரதியை மட்டும் கொடுத்தாலும் போதும்.

பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும் ஊர்களில் புதிதாகப் பதிவதற்கும் தடை ஒன்றும் இல்லை. ஒருவரைக் கதிரையில் இருத்தி, 'பாடுங்கள் அம்மா' என்று சொல்லிக் கைத்தொலைபேசியை நீட்டினால் அவர் இரண்டு அடியோடு நிறுத்திவிடுவார். அவரோடு பாடியவர்கள் நான்கு பேரைச் சேர்த்து வயலுக்கோ களத்துக்கோ அழைத்துப்போனால், மறந்துபோன அடியை ஒருவர் மற்றவருக்கு எடுத்துக் கொடுப்பார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். இந்தப் பகுதி தொடருமானால், எட்டுப் பாடல்களைக் கேட்பதோடு கூடவே, எடுத்துப் போக விரும்பியும் எங்கும் பதிவு கிடைக்காத பாட்டு எது, அதைக் கடைசியாக எந்த ஊரில் யார் பாடக் கேட்டீர்கள் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்தப் பதில்களை ஊர்வாரியாகப் பிரித்து வெளியிட்டால், கசற் வைத்திருப்பவர்களின் கண்ணில் அது படும். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வரும் பதில்களில் உள்ளவர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்யும் வேலையை, எனக்குத் தெரிந்த இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
முள்ளியவளை.